மேடை வேண்டாம், தம்பி

கிறிஸ்துவுக்குள் பிரியமான தம்பிக்கு,

குடியிலிருந்து மீள்கிறவர்கள் மத்தியிலான ஊழியத்தைச் சபை உன்னிடம் ஒப்படைத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஒருவர் குடியை விட்டு ஒரு மாதம் ஆகிறது, வருகிற கன்வென்ஷனில் அவரைச் சாட்சி சொல்ல வைக்கப் போகிறோம் என்று கடைசியில் சேர்த்திருந்தாய். உன் சந்தோஷம் புரிகிறது. ஆனாலும் அவரை மேடை ஏற்றாதே. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் சபைகளில் சாட்சிக்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது. குடித்தேன், அடித்தேன், மனைவியின் தாலியை அடகு வைத்தேன், ஒருநாள் இந்தக் கூட்டத்துக்கு வந்தேன், அன்றோடு விட்டது. கேட்கிறவர்கள் அல்லேலூயா சொல்லிவிட்டு அசனத்துக்குப் போய்விடுவார்கள். சொன்னவர் நிலைமை வேறு. ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் சறுக்கினால், அந்த மேடையை நினைத்தே கோயில் பக்கம் வரமாட்டார். ஊரே கேட்ட சாட்சி ஆயிற்றே! ஒரு குவார்ட்டர் செய்ய முடியாததை அந்த வெட்கம் செய்துவிடும்.

சறுக்கல் விசுவாசக் குறைவு என்று எண்ணுகிறவர்களுக்கு நான் எபி தாட்சரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்து குடியை நிறுத்தியவர். 1934 நவம்பரில் நியூயார்க்கில் தன் பழைய குடித்தோழர் பில் வில்சனின் வீட்டுக்குப் போனார். பில் ஊற்றிக் கொடுத்ததை வேண்டாம் என்றார், ஏன் என்றும் சொன்னார். அடுத்த மாதம் பில் குடியை விட்டார். 1971இல் சாகும்வரை தொடவில்லை. குடியிலிருந்து மீள்கிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கம் அவர் வழியாகத்தான் வந்தது. நம்பிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்த எபியோ சில வருடங்களில் மறுபடி விழுந்தார். விடுவதும் விழுவதுமாக இருந்து, 1966இல் குடிக்காதவராகவே இறந்தார். பில் கடைசிவரை அவரையே தன் வழிகாட்டி என்று சொல்லிவந்தார்.

இன்னொரு நிறுவனரான டாக்டர் பாப் ஸ்மித், 1935 மே மாதம் அக்ரனில் பில்லைச் சந்தித்துக் குடியை நிறுத்தினார். சில வாரங்களிலேயே மருத்துவ மாநாட்டுக்கென்று அட்லாண்டிக் சிட்டிக்குப் போன இடத்தில் நிதானம் இழக்கும்வரை குடித்தார். அவர் கடைசியாகக் குடித்தது ஜூன் 10 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியைத்தான் அந்த இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. விழுந்தவனைத் திரும்ப உட்கார வைக்க அங்கே ஒரு நாற்காலி இருந்தது. நம் சபையில் இருக்கிறதா, யோசித்துப் பார்.

மாற்கு எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதாக் குருடனை ஆண்டவர் இரண்டு முறை தொடுகிறார். முதல் தொடுதலில் அவனுக்குப் பாதிப் பார்வைதான் வந்தது. அதற்காக யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இந்தப் பகுதியை நாம் கன்வென்ஷன்களில் பிரசங்கிப்பதே இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது மருத்துவம். இதில் விளையாடாதே. தினமும் நிறையக் குடித்தவர் உபவாச ஜெபத்துக்கு வந்து ஒரேயடியாக நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள். மறுநாள் டீ டம்ளரைப் பிடிக்க முடியாது, பாதி சட்டையில் சிந்தும். வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். பக்கத்தில் இருக்கிறவர்கள் பிசாசு என்று துரத்த ஆரம்பிப்பார்கள். அது பிசாசு இல்லை, குடி நின்றதால் மூளை படுகிற பாடு. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடு, வைட்டமின் பி1 ஊசியும் மற்ற மருந்தும் ஏறட்டும். நீ கட்டில் பக்கத்தில் நின்று ஜெபம் செய். மருந்தைக் கைவிடச் சொல்லி யாராவது தீர்க்கதரிசனம் சொன்னால், அவரை அந்த வார்டு பக்கமே விடாதே.

நம் ஊரில் கட்டடவேலைக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருகிறது. கடை இரவு பத்து மணிவரை திறந்திருக்கிறது. கோயில் கதவோ ஞாயிறு காலையில்தான் திறக்கும். சனிக்கிழமை ஆறிலிருந்து பத்துவரை கோயில் ஹாலைத் திறந்து வை. பிரசங்கம் வேண்டாம், டீ, சுண்டல், ஒரு கேரம் போர்டு போதும். அங்கே வருகிறவரிடம் உறுதிமொழி கேட்பதானால் இதை நினைத்துக்கொள்: டப்ளின் கூலித்தொழிலாளி மாட் டால்பட் 1884இல், 28 வயதில், முதலில் மூன்றே மாதத்துக்குத்தான் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். வெளியே போகும்போது பையில் காசு வைத்துக்கொள்ள மாட்டார். 1925இல் தெருவில் விழுந்து இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. கத்தோலிக்கர் என்பதற்காக அவரை ஒதுக்கிவிடாதே. நீயும் ஆயுள் முழுவதற்கும் சத்தியம் வாங்காதே, இன்று ராத்திரிக்கு மட்டும் கேள்.

திருவிருந்தில் புளிக்காத திராட்சைச் சாறு வைக்க மூப்பர்களிடம் பேசு. 1869இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்டுக்காரர் சாறு புளிக்காமலிருக்கச் சூடாக்கிப் பாட்டிலில் அடைத்ததே திருவிருந்துக்காகத்தான். புது உபதேசம் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

குடியை விட்டிருக்கும் அந்த மனிதருடைய மனைவியிடம் மன்னித்துவிடு என்று உடனே சொல்லிவிடாதே. அடி வாங்கியவள் அவள். எப்போது நம்புவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். சம்பளப் பணம் அவள் கைக்குப் போகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்.

கன்வென்ஷன் நோட்டீஸில் அவர் பெயரை அச்சடிக்கும் முன்பே தடுத்துவிடு. அச்சாகிவிட்டிருந்தால் சாட்சி நேரத்துக்கு வேறு ஆளைப் போடு. பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எந்தக் கிழமை, எங்கே நடக்கிறது என்று இந்த வாரத்துக்குள் விசாரித்து, முதல் தடவை நீயே அவரைக் கூட்டிப் போய் விட்டுவிட்டு வா.

ஜெபத்துடன்,
அண்ணன்