பசித்தவனும் பிறர் பாணும்

கணினி விளையாட்டு என்றதும் உம்மாமார் முகம் சுளிப்பார்கள். காரணம் இல்லாமலும் இல்லை. பரீட்சைக் காலத்திலும் நள்ளிரவு தாண்டித் திரை எரிகிற வீடுகளை நானும் அறிவேன். ஆனால், உயர்தர வகுப்பில் 'நிர்ப்பந்தம்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி தன் காக்கா விளையாடும் விளையாட்டொன்றைச் சொன்னாள். தூங்கி வழிந்த வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதன் பெயர் 'திஸ் வார் ஒஃப் மைன்'. போலந்தின் வார்சோ நகரிலுள்ள 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 நவம்பரில் வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை நீடித்த பொஸ்னியாவின் சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. மற்றப் போர் விளையாட்டுகளில் நாம் படைவீரர். இதில் நாம், சிதைந்த வீடொன்றில் ஒதுங்கிய சாதாரண மக்கள். பகலில் வீட்டைப் பார்க்க வேண்டும்; இரவில் ஒருவரை வெளியே அனுப்பி உணவும் மருந்தும் தேட வேண்டும்.

தேடப்போகும் இடங்களில் ஒன்று, வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் வாழும் வீடு. அவர்களிடம் உணவும் மருந்தும் உண்டு, ஆயுதம் இல்லை. எடுத்தால் எதிர்த்துச் சண்டையிட மாட்டார்கள், கெஞ்சுவார்கள். நம் வீட்டிலோ ஒருவர் நோயில் கிடக்கிறார்.

2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' போன்றவை நன்மைக்கு ஒரு புள்ளி, முரட்டுத்தனத்துக்கு ஒரு புள்ளி என்று அளந்து காட்டும். அங்கே ஒருவர் புள்ளிக்காகவே நல்லவராகலாம். இங்கே அந்தத் தராசு திரையில் இல்லை. களவெடுத்துத் திரும்பினால் வீட்டிலுள்ளவர்கள் மனமுடைவார்கள், எல்லாரும் ஒரே அளவில் அல்ல. போர்நிறுத்தம் வந்தபின் ஒவ்வொருவரின் வாழ்வும் எப்படிப் போயிற்று என்று விளையாட்டின் முடிவு தனித்தனியாகச் சொல்லும்.

"நீங்கள் என்றால் எடுப்பீர்களா?" என்று கேட்டேன்.

"எடுக்கமாட்டன் டீச்சர். மறுமையில என்ன பதில் சொல்ற?" என்றாள் ஒருத்தி. "உயிரைக் காப்பாத்துறதும் கடமைதானே" என்றாள் மற்றவள். "அது வெறும் படம்தானே" என்று பின்வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு. ஒரே மார்க்கம், ஒரே வகுப்பு. முதலிருவரும் ஈமானிலிருந்தே பேசினார்கள். எதை முன்னுக்கு வைப்பது என்பதில்தான் பிரிந்தார்கள். சிரித்தவளுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: திரையில் செய்வதற்குக் கணக்கில்லை என்பது.

நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற விதியை நம்மில் பலர் அறிவோம். பாதியைத்தான் அறிவோம். உஸ்மானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டநூலில் அது 21ஆம் உறுப்புரை. அடுத்த உறுப்புரையே அந்த அனுமதியைத் தேவையின் அளவோடு நிறுத்திவிடுகிறது. 33ஆம் உறுப்புரை, நிர்ப்பந்தம் பிறர் உரிமையை அழிக்காது என்கிறது. பசியால் பிறர் பாணை உண்டவன் பின்னர் அதன் பெறுமதியைக் கொடுக்க வேண்டும் என்பதே அதற்கு அங்கே தரப்படும் உதாரணம். பொருளுக்குரியவரும் அதே நெருக்கடியில் இருந்தால் அவருக்கே முன்னுரிமை என்பர் ஃபிக்ஹ் அறிஞர்கள். இதைச் சொன்னதும், எடுப்பேன் என்றவள் யோசித்தாள். "அந்தக் கிழவனுக்கும் பசிக்கும் என்ன டீச்சர்?"

அவளுடைய கேள்வி விளையாட்டைத் தாண்டியது. விளையாட்டு நம்மை வருந்தச் செய்கிறது. பெறுமதியைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்பதில்லை. அந்தக் காக்கா முதல் தடவை எல்லாவற்றையும் அள்ளி வந்தாராம். மனம் கேட்காமல் மறுநாள் புதிதாகத் தொடங்கினாராம். அந்த வசதி விளையாட்டில்தான் உண்டு.

பெற்றோருக்கு ஒன்று: போலந்து அரசு இதை மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக 2020இல் அறிவித்தபோதும், 18 வயது நிரம்பியவர்களுக்கே என்றது.

அன்று வீட்டுக்கு வந்து உம்மம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கணினி தெரியாது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளி தெரியும். கூரை போய், அரிசி நனைந்து, பக்கத்து வளவில் விழுந்துகிடந்த தேங்காயைத் தின்று நாலைந்து நாள் பிள்ளைகளோடு கிடந்தார்களாம். வளவுக்காரர் வேறூரில்.

"திண்ட தேங்காய்க்கு ஒவ்வொண்டா சிரட்டையச் சேத்து வெச்சம். அவர் வந்தொடன மூத்தாப்பா கொண்டுபோய் எண்ணிக் காட்டினார். காசி வாங்கல்ல. ஹலாலாக்கிட்டன், போங்க எண்டாரு. ஆனா எண்ணிப் பாத்துட்டுத்தான் சொன்னாரு."