வெஸ் அணியைப் பிரதி செய்யலாமா?

கேள்வி: மாவோரி ஐதீகக் கதைகளை வைத்துச் செய்த உடைகளைப் பார்த்ததிலிருந்து, நம் பக்கத்துக் கதையொன்றைக் கலைவிழா உடையாக்க ஆசை. கண்டி நடனத்தின் வெஸ் அணியைப் பிரதி செய்யலாமா?
– வாசகி, கடுகண்ணாவை

பதில்: வேண்டாம். வெஸ் தலையணி கொஹொம்ப கங்காரிய சடங்குக்குரியது. கற்றுத் தேர்ந்தவரே, சுபவேளையில், முறைப்படி முதன்முதலாக அணிவார். அணியை விட்டு, அந்தச் சடங்கின் பின்னுள்ள கதையை எடுங்கள். இயக்கர் குலத்துக் குவேனியின் சாபம் சிறுத்தை வடிவில் மன்னன் பண்டுவாசுதேவனை நோயாக வாட்டியது. பூவில் பிறந்த மலைய அரசன் வந்து அந்நோயைத் தீர்த்தான். இதையே உடையாக்கலாம்: முன்புறம் சிறுத்தைப் புள்ளி, முதுகில் பிரம்பு வளைத்துத் துணி போர்த்திய இதழ்கள். மார்புக்கு மணிகளை நூலில் கோத்து வலையாகப் பின்னுங்கள். அந்த வலை உடலோடு சேர்ந்து அசையும். அலங்கார வடிவங்களுக்கு, அருகிலுள்ள எம்பக்க தேவாலயத்தின் மரத்தூண்களை வரைந்து பழகுங்கள். இறுதித் தையலுக்கு முன் அணிந்து ஆடிப் பாருங்கள்.