மா ஒட்டுதல்: காரணம் அறிந்து விடை எழுதுவோம்

மாணவர்களே, ஒட்டுதல் பற்றிய வினாவில் படிமுறைகளைப் பலர் சரியாக எழுதுகின்றனர். "ஏன்?" என்று கேட்கும்போதுதான் புள்ளிகள் குறைகின்றன. எனவே ஒவ்வொரு செயலையும் அதன் காரணத்தோடு படியுங்கள்.

1. வித்து இருக்க ஒட்டுவது ஏன்?
மாவில் அயன்மகரந்தச் சேர்க்கை பெரிதும் நடைபெறும். ஆகவே கறுத்தக்கொழும்பான் வித்தில் முளைத்த மரம் அதே சுவையுள்ள பழத்தைத் தரும் என உறுதியாகக் கூற முடியாது. ஒட்டுமுளையோ தாய்மரத்தின் ஒரு பகுதி. ஆதலால் தாயின் இயல்பு மாறாது. முதிர்ந்த மரத்திலிருந்து எடுக்கப்படுவதால், நட்டுச் சுமார் 3 - 4 ஆண்டுகளில் காய்க்கும்.

2. வெட்டுமுகங்கள் நன்கு பொருந்த வேண்டியது ஏன்?
ஒட்டுக்கட்டை, ஒட்டுமுளை இரண்டினதும் மாறிழையங்கள் தொட்டால்தான் புதிய காழும் உரியமும் உருவாகி இணையும். தென்னை, வாழை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் மாறிழையம் இல்லை. எனவே அவற்றை இவ்வாறு ஒட்ட முடியாது. பொலித்தீன் நாடாவால் கட்டுவது, ஒட்டு அசையாமலும் உலராமலும் இருப்பதற்கே.

3. ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அகற்றுவது ஏன்?
அது ஒட்டுக்கட்டையின் தளிர். விட்டுவைத்தால் அது ஓங்கி வளர, ஒட்டுமுளை நலிந்து பட்டுப்போகலாம். பல ஆண்டுகள் நீரூற்றிய பின் வீட்டார் பறிப்பது வேறு மாங்காயாக இருக்கும்.

பயிற்சி வினா
அம்பலவிக் கட்டையில் விலாட்டு முளையை ஒட்டினால் எப்பழம் கிடைக்கும்?

விடை: ஒட்டுமுளையிலிருந்து விலாட்டுப் பழமே கிடைக்கும். ஒட்டுதலில் இரண்டின் பாரம்பரியப் பதார்த்தங்களும் கலப்பதில்லை. "கலப்பினப் பழம்" என்று எழுதிவிடாதீர்கள்.