வடச்சட்டியில் 15 நிமிடம்: காய்கறி முட்டைப் பொடிமாஸ் முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் அடுப்புப் பற்றவைக்கத் தெரிந்த எவரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது சாம்பாரும் அல்ல, குழம்பும் அல்ல. நிறையக் காய்கறி போட்ட முட்டைப் பொடிமாஸ்தான். முட்டைக்கு நாமக்கல் இருக்கிறது. கேரட்டும் பீன்ஸும் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகத் தினமும் இறங்குகின்றன. சின்ன வெங்காயம் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்திலேயே விளைகிறது. மஞ்சளுக்கு ஈரோடு, தேங்காய் எண்ணெய்க்குக் காங்கேயம். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் காலையில் ஒரு டீயும் பப்ஸும் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறவர்கள் பாதிப் பேர் அதுவும் இல்லாமல்தான் ஓடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பொடிமாஸ் செய்ய இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். சட்டியில் முட்டையைவிடக் காய் கூடுதலாக இருக்க வேண்டும். காயில் உள்ள தண்ணீர் முழுக்க வற்றிய பிறகுதான் முட்டையை ஊற்ற வேண்டும். மற்ற எல்லாம் இந்த இரண்டையும் சரியாகச் செய்வதற்கான வழிதான்.

தேவையானவை (இரண்டு பேருக்கு)

முட்டை 4. உரித்த சின்ன வெங்காயம் 12 முதல் 15 வரை. நடுத்தரக் கேரட் 1. பீன்ஸ் 8. ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. பச்சை மிளகாய் 1 அல்லது 2. கறிவேப்பிலை ஒரு கொத்து. கடுகு அரை டீஸ்பூன், மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், மிளகுத் தூள் அரை டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூனுக்குள். எண்ணெய் 3 டீஸ்பூன். இறக்கியபின் தூவக் கொத்தமல்லித் தழை.

தக்காளி வேண்டாம் என்பது என் தீர்மானம். அது சுவையானதுதான், ஆனால் அதன் தண்ணீரை வற்றவைக்கும் பொறுமை கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே வரும். முதல் ஒரு மாதம் தக்காளி இல்லாமல் செய்யுங்கள், பிறகு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முட்டை வாங்குவது

பண்ணை முட்டையின் விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. 1982-ல் டாக்டர் பி.வி. ராவ் முயற்சியால் உருவான அமைப்பு இது. நாமக்கல் மண்டல விலை நாளிதழ்களில் வருகிறது. அது பண்ணை விலை; கடைக்கு வரும்போது வண்டி வாடகை, உடைசல், கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் எந்தக் கடையில் நியாயமாகக் கொடுக்கிறார்கள் என்று பிடிபட்டுவிடும்.

வெள்ளை முட்டையா, பழுப்பு முட்டையா என்று குழம்ப வேண்டாம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, உள்ளே இருக்கும் சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மஞ்சள் கரு வெளிறியிருப்பதும் அடர்ந்திருப்பதும் தீவனத்தால் வருவது. மக்காச்சோளம் கூடுதலாகத் தின்ற கோழியின் கரு நல்ல மஞ்சளாக இருக்கும். நாட்டுக்கோழி முட்டை கிடைத்தால் மகிழ்ச்சி, ருசிக்காக வாங்குங்கள். மாதக் கடைசியில் கையில் பணம் குறைவாக இருக்கும்போது சாதாரணப் பண்ணை முட்டையை வாங்குவதால் உடம்புக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பி12, வைட்டமின் டி, கோலின் எல்லாம் அதில் உண்டு. இல்லாதவை இரண்டு: நார்ச்சத்து, வைட்டமின் சி. அவற்றைக் காயும் கீரையும் கொடுக்கும்.

அரசுப் பள்ளிச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-ல் வாரத்தின் ஐந்து பள்ளி நாளும் முட்டை என்ற நிலை வந்தது. அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முட்டையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு காயைச் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம்தான் இன்னும் வர வேண்டியிருக்கிறது.

வாங்கிவந்த முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய், ஓட்டின் நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும். அழுக்கு இருந்தால் உடைப்பதற்குச் சற்று முன் கழுவித் துடைத்தால் போதும். பழசா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொம்புத் தண்ணீரில் போடுங்கள். புது முட்டை அடியில் படுக்கும். நாளாக நாளாக உள்ளே காற்று கூடுவதால் நிமிர்ந்து நிற்கும். மிதந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

காய்க்கு உழவர் சந்தை

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் கோவைக்கு நன்றாகவே பொருந்திவிட்டது. ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்று பக்கத்தில் இருக்கும். விடிந்தவுடன் போனால் நல்ல காய் கிடைக்கும். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும் என்பதால் பேரம் பேசத் தெரியாதவர்களும் தைரியமாகப் போகலாம். கீரைக்காரம்மாவிடம் "ஏனுங்கம்மா, இன்னைக்குப் பறிச்சதுங்களா?" என்று கேளுங்கள். காலையில் பறித்ததா, நேற்று மாலையே பறித்ததா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

ஊட்டிக் கேரட் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கேத்தி பாலாடா போன்ற பள்ளத்தாக்குகளில் விளைந்து, அங்கேயே கழுவி மூட்டை கட்டி அனுப்பப்படுவது. தடியான கேரட்டைவிட விரல் பருமனில் இருப்பது வாங்குங்கள்; நடுத்தண்டு சிறுத்திருக்கும், சீக்கிரம் வேகும். பீன்ஸை ஒடித்துப் பாருங்கள், நார் இழுக்காமல் சட்டென்று முறிய வேண்டும். முருங்கைக்கீரைக்குச் சந்தைக்கே போக வேண்டியதில்லை; கொங்குப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு மரம் இருக்கிறது, கேட்டால் ஒடித்துக்கொடுக்காதவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

வேலைநாள் காலையில் சின்ன வெங்காயம் உரிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால்தான் பலர் இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். வாரக் கடைசியில் அரை கிலோவை ஒரே மூச்சாக உரித்து, ஈரம் இல்லாமல் டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சுலபமாகக் கழன்றுவரும், உரித்தபின் துணியில் துடைத்துவிடலாம். முருங்கைக்கீரையையும் ஆய்ந்து, கழுவாமல் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பெல்லாரி வெங்காயம் போட்டுச் செய்யலாமா என்றால் செய்யலாம்தான். ஆனால் அதில் தண்ணீர் கூடுதல், இனிப்பும் கூடுதல். சின்ன வெங்காயத்தின் அந்தக் காரமான வாசம் வராது.

முதல் படி: நறுக்குவது

கேரட், பீன்ஸ் இரண்டையும் பச்சைப் பட்டாணி அளவுக்குப் பொடியாக நறுக்க வேண்டும். அளவு ஒன்றுபோல இருந்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். வெங்காயத்தை வட்டம் வட்டமாக அரிந்தால் போதும். முட்டை நாலையும் ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, பிறகு பெரிய கிண்ணத்தில் சேருங்கள். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றவை தப்பிக்கும். ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கரண்டியால் இருபது முப்பது சுற்று அடியுங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டாம். பால் ஊற்ற வேண்டாம். வெள்ளைக்காரர்கள் செய்யும் முறையில் பாலும் வெண்ணெயும் சேர்த்துக் குழைவாக எடுப்பார்கள். நமக்கு வேண்டியது உதிரி உதிரியாக வரும் பொடிமாஸ்.

இரண்டாம் படி: சட்டியும் தாளிப்பும்

பழகிய இரும்பு வடச்சட்டி இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. சட்டி நன்றாகச் சுட்ட பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். ஆறிய சட்டியில் எண்ணெயும் முட்டையும் போட்டால் அடிப்பிடிக்கும். நான்-ஸ்டிக் என்றால் இதற்கு நேர்மாறு: காலிச் சட்டியைச் சூடேற்றாமல் முதலிலேயே எண்ணெய் ஊற்றிவிட்டு, மரக் கரண்டியால் மட்டும் கிளற வேண்டும். எண்ணெய் செக்குக் கடலை எண்ணெயாகவோ தேங்காய் எண்ணெயாகவோ இருக்கட்டும்.

கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய், வெங்காயம். நடுத்தர தீயில் இரண்டு மூன்று நிமிடம். வெங்காயத்தின் ஓரம் லேசாகச் சிவந்தால் போதும்.

மூன்றாம் படி: காயை வேகவைத்து வற்றவைப்பது

கவனம் முழுக்க வைக்க வேண்டிய இடம் இது. கேரட், பீன்ஸ், மஞ்சள் தூள், மீதி உப்பு எல்லாம் போட்டு ஒரு கிளறு கிளறி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடுங்கள். நாலு நிமிடம். திறந்து ஒரு பீன்ஸ் துண்டை நசுக்கிப் பாருங்கள், மெத்தென்று கொடுக்க வேண்டும். உப்பு காயில் இருந்த தண்ணீரையெல்லாம் வெளியே இழுத்திருக்கும். இப்போது மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் தண்ணீர் கொதிக்கும் களகள சத்தம் வரும். ஒரு நிமிடத்தில் அது சுருங்கி, எண்ணெயில் காய் வறுபடும் சொரசொர சத்தமாக மாறும். ஆவி எழுவது நின்று, சட்டியின் அடியில் எண்ணெய் மட்டும் மினுங்கும். கரண்டியால் காயை ஒரு பக்கம் ஒதுக்கினால் அந்த இடத்தில் தண்ணீர் ஊறி வரக் கூடாது. அப்போதுதான் முருங்கைக்கீரையைப் போட வேண்டும். அது இரண்டு நிமிடத்தில் சுருண்டு கரும்பச்சையாகிவிடும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் முட்டை காயின் தண்ணீரில் வெந்து கொழகொழவென்று ஆகிவிடும். ஹாஸ்டல் மெஸ்களில் பொடிமாஸ் ஒரு தட்டு மஞ்சள் தண்ணீரில் மிதந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

நான்காம் படி: முட்டை

தீயைச் சிறியதாக்குங்கள். முட்டையின் வெள்ளை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே இறுக ஆரம்பிக்கும், மஞ்சள் அதற்குச் சில டிகிரி தள்ளி. தீ அதிகமானால் புரதம் இறுகிச் சுருங்கி, தன்னிடம் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும்; முட்டை ரப்பராவதும் தட்டில் தண்ணீர் கோப்பதும் அதனால்தான்.

அடித்த முட்டையைக் காயின் மேல் பரவலாக ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். 20, 30 விநாடி எதுவும் செய்யக் கூடாது. அடிப்பக்கம் ஏடு கட்டியதும் கரண்டியை அடிவரை விட்டு, புரட்டிப் புரட்டி மடியுங்கள். மேலே இருக்கும் ஈர முட்டை கீழே போகும், வெந்தது மேலே வரும். இப்படி நாலைந்து புரட்டில் கட்டி கட்டியாகத் திரளும். பிறகு கரண்டி நுனியால் கொத்திவிட்டால் உதிரியாகிவிடும். மொத்தம் இரண்டு நிமிடம்.

ஓடும் ஈரம் எங்கேயும் தெரியாமல், ஆனால் மேலே லேசான பளபளப்பு மிச்சமிருக்கும்போது அடுப்பை அணையுங்கள். சட்டியின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு என்றால் அந்தப் பளபளப்பும் அடங்கும்வரை வையுங்கள். அரைவேக்காட்டு முட்டையில் சால்மொனெல்லா கிருமி பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. மிளகுத் தூளும் கொத்தமல்லித் தழையும் இறக்கிய பிறகு. கொல்லிமலை மிளகு கிடைத்தால் விடாதீர்கள். சில்வர் ஓக் மரத்தில் கொடியேற்றி வளர்க்கும் அந்த மிளகும் நம் முட்டையும் ஒரே நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள்.

இரும்புச் சட்டியிலேயே வைத்துவிடாமல் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். முட்டையில் உள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்து பச்சையும் கறுப்புமாக நிறம் மாறும். கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

பள்ளிபாளையம் முறையில்

கை பழகிய பிறகு இதைச் செய்துபாருங்கள். பள்ளிபாளையம் சிக்கனின் சிறப்பே மசாலாத் தூள் எதுவும் இல்லாமல், வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் மூன்றையும் நம்பி நிற்பது. அதையே பொடிமாஸுக்கும் எடுத்துக்கொள்ளலாம். பச்சை மிளகாய்க்குப் பதில் விதை நீக்கிய வரமிளகாய் நாலு, வெங்காயம் இரண்டு மடங்கு, தேங்காய்ப் பல் இரண்டு மேசைக்கரண்டி. தேங்காய் ஓரம் சிவந்த பிறகு மற்ற எல்லாம் முன்பு சொன்னபடியே.

மழைக்காலத்தில் முருங்கைக்குப் பதில் பொடியாக அரிந்த முட்டைக்கோஸ் போடலாம். தண்ணீர் விடும், வற்றவைக்கும் நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். குடைமிளகாய் நல்லது. சுரைக்காயும் பீர்க்கங்காயும் இதற்கு ஒத்துவராது.

எதோடு சாப்பிடுவது

இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 12 கிராம் புரதம், ஒரு நல்ல கிண்ணம் காய். ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; அதில் கால் பங்குக்கு மேல் காலையிலேயே ஆகிவிடுகிறது. கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் கரோட்டீன் கொழுப்பில் கரைவது. கருவின் கொழுப்பும் நீங்கள் ஊற்றிய எண்ணெயும் இருந்தால்தான் உடம்பு அதை நன்றாக இழுத்துக்கொள்ளும். வெள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு மஞ்சளைக் கொட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மருத்துவர் குறிப்பாகத் தடுத்தவர்கள் மட்டும் அவர் சொல்படி நடக்கட்டும்.

ராகி தோசை, கம்பு தோசை, சப்பாத்தி எதற்குள்ளும் சுருட்டலாம். மதியத்துக்கு ரசம் சாதம். சாப்பிடும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அதுவும் உதவும்.

டிபன் பாக்ஸில் வைப்பதானால் ஆவி அடங்கிய பிறகே மூடுங்கள், நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த நேரத்தையும் பாதியாக்குங்கள். மிச்சமானால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒருமுறை சாப்பிடலாம். வீட்டில் ஒரு வயதுக் குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுப்பதாக இருந்தால் அடித்த முட்டையில் ஒரு ஸ்பூன் தனியே எடுத்து, மிளகாயும் மிளகும் இல்லாமல் நன்றாக வேகவைத்து, காலை நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் உண்டு, பகலில் கொடுத்தால் கவனிக்க வசதியாக இருக்கும்.