இரத்த மச்சமும் பெருவியாதியும்



லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாய்ப் புரட்டிவிடுகிறோம். ஆனால் ஆசாரியனின் வேலையைக் கவனியுங்கள். தோலைப் பார்க்கிறான், சந்தேகமானால் ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கிறான். தீட்டு என்று சொல்வதுபோலவே, தீட்டல்ல என்று வாய்திறந்து சொல்வதும் அவன் கடமை.

ஏழாயிரம்பண்ணைப் பகுதியில் இந்த இரண்டாவது கடமையும் அவசியமாயிருக்கிறது. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு தாயார், கூட்டம் கலையும்வரை காத்திருந்து, மேல்கையிலிருந்த நாலைந்து புள்ளிகளைக் காட்டினார். "ஐயா, பெருவியாதியா இருக்குமோ? மகளைப் பொண்ணு பார்க்க வாராக." பல மாதமாய் முந்தானையால் மூடி வைத்திருந்தாராம்.

டாக்டரம்மா கைகழுவச் சொல்லி, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். அலுமினியப் பவுடர் படிந்த தோலில் எந்த நிறமும் சரியாய்த் தெரியாது. அது செர்ரி ஆஞ்சியோமா. இரத்த மச்சம் என்போமே, அதுதான். மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் ஓரிடத்தில் பெருகி உண்டாகும் கடுகளவு அல்லது மிளகளவு புள்ளி. முப்பது வயதுக்குமேல் வரும், வயதாக ஆகக் கூடும். ஒட்டாது, வைத்தியமும் வேண்டாம். இதைக் கண்டு பயந்தவர்கள் நம் ஊரார் மட்டுமல்ல. லண்டன் அறுவைசிகிச்சை நிபுணர் கேம்ப்பெல் டி மார்கன் 1872இல் இதைப் புற்றுநோயோடு சேர்த்து எழுதினார். அந்தத் தொடர்பு பின்னால் நிலைக்கவில்லை.

சிவப்பு என்று புத்தகம் சொல்வது வெள்ளைத் தோலைப் பார்த்து. நம் மாநிறத்தில் அது கருஞ்சிவப்பு. இன்னும் கறுத்த மேனியில் நாவற்பழ நிறம், சிலருக்குக் கறுப்பேதான். இந்தக் குறையைக் கண்டு, லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் 2020இல் மற்றவர்களோடு சேர்ந்து கறுத்த தோலுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். வரவேண்டிய காரியம்தான்.

பெருவியாதியின் படை வேறு. பெரும்பாலும் சுற்றுத்தோலைவிட வெளிறியோ செம்பு நிறமாகவோ இருக்கும். பஞ்சால் தொட்டால் பல வேளைகளில் உணர்ச்சியிராது. அப்படியே இருந்தாலும், உலக சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து அதைக் குணமாக்குகிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

திடீரென்று பெரிதாகி நிறம் மாறும் மச்சத்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சலோடு குண்டூசி முனைபோலப் புள்ளிகள் பரவினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், டெங்குவாக இருக்கலாம். கறுத்த தோலில் அவை எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் மேலண்ணம், கீழிமையின் உட்புறம் ஆகிய இடங்களில் பாருங்கள்.