சின்னத் திரையில் ‘தேக்கா’ என்று எழுத முடியுமா?

லிட்டில் இந்தியா ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் ஆங்கிலம், சீனம், தமிழ் மூன்றும் இருக்கின்றன. அச்சடிக்கும் பலகைக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். ஆனால், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வரவேற்கும் சிறிய மின்னணுப் பலகை ஒன்றைப் பள்ளித் திட்டப்பணிக்காகச் செய்ய வேண்டுமானால், எந்தத் திரையை வாங்குவது? அருகில் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகள் பல உண்டு. அங்கே போகுமுன் இதைப் படியுங்கள்.

எழுத்துத் திரை

மலிவானது 16×2 எல்சிடி திரை. இரண்டு வரி, வரிக்கு 16 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 5×8 புள்ளிகள். எழுத்து வடிவங்கள் அதன் சில்லிலேயே பதிந்திருக்கும். ஆங்கிலமும், ரோமன் எழுத்தில் எழுதப்படும் மலாயும் உடனே தெரியும்.

‘தேக்கா’ என்று அனுப்பினால்? யூனிகோட் முறையில் இச்சொல் த, ே, க, ், க, ா என 6 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 18. திரையோ ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணும். பரவலாக விற்கப்படும் வகையில், தமிழுக்குப் பதில் ஜப்பானிய எழுத்துகளும் கிரேக்க எழுத்துகளும் வந்து நிற்கும்!

நாமே வடிவம் வரைந்து சேர்க்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் 8 மட்டுமே. ‘வணக்கம் தேக்கா’ என்பதற்கு வ, ண, க், க, ம், ே, த, ா எனச் சரியாக 8 தேவை. ஆனால் ‘ண’வின் சுழிகள் 5 புள்ளி அகலத்தில் அடங்கா. அதற்கு 2 கட்டங்கள் கொடுத்தால் கணக்கு 9 ஆகிவிடும்.

புள்ளித் திரை

128×64 ஓஎல்இடி திரையில் கட்டங்கள் இல்லை. 8,192 புள்ளிகளையும் தனித்தனியாக ஏற்றலாம். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்பதால் ஒரு முழுப் படத்திற்கு 1,024 பைட் போதும்.

சீன எழுத்து தெளிவாகத் தெரிய 16×16 புள்ளிகள் தேவை, அதாவது 32 பைட். 20,000 எழுத்துகளைச் சேமித்தால் 6,40,000 பைட். ஆர்டுயினோ ஊனோவின் நிரல் நினைவகமோ 32 கிலோபைட்தான்.

தமிழில் எழுத்துகள் குறைவு, சிக்கல் வேறு. ‘தே’ சேமிக்கப்படும்போது த முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பு முன்னே வரவேண்டும். எளிய நிரல்கள் வந்த வரிசையிலேயே வரைவதால் கொம்பு பின்னால் போய்விடும். அதைச் சரிப்படுத்தும் ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருளுக்கு ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி வேண்டும்.

எதை வாங்கலாம்?

வாசகம் மாறாதென்றால் எளிய வழி உண்டு. நான்கு மொழி வாசகங்களையும் கணினியில் படங்களாக மாற்றுங்கள். 4 படங்களுக்கு 4 கிலோபைட். ஊனோவில் தாராளமாக அடங்கும். ஆனால் ஓஎல்இடியில் ஒரே படம் நெடுநாள் நின்றால் தடம் பதியும். படங்களை மாற்றி மாற்றிக் காட்டுங்கள். நாள் முழுவதும் ஒரே வாசகம் என்றால் மின்தாள் நல்லது. படம் மாறும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் வேண்டும். ஆனால் மாற்றம் மெதுவாக நடக்கும், இருட்டில் தெரியாது. வாசகம் அடிக்கடி மாறுமென்றால் ராஸ்பெரி பையுடன் புள்ளித் திரை.

செய்து பாருங்கள்: உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, அதில் எத்தனை யூனிகோட் குறியீடுகள், எத்தனை பைட் என்று கணக்கிடுங்கள். அது 16 கட்டங்களில் அடங்குமா?