இரயில் காட்டிய வழி

கேலாங்கைப் பற்றி எழுதப் புகுந்தால் போக்குவரத்தை விட்டுவிட இயலாது. மின்சார டிராம் 1905-இல் ஓடத் தொடங்கியது. 1926-இல் டிராலிபஸ் வந்தது. மறு ஆண்டே டிராம் நின்றது. டிராலிபஸும் 1962-இல் ஓய்ந்தது.

ஆனால் ஒரு கோயிலையே இடம் பெயர வைத்தது பெருவிரைவு இரயில்தான். ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஸ்ரீ சிவன் கோயில், டோபி காட் நிலையம் அமைவதற்காக 1983-இல் அவ்விடம் விட்டு அகன்றது. சுவாமி பத்தாண்டுகள் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருந்தார். "சிவன் மைத்துனர் வீட்டில் தங்கியிருக்கிறார்" என்று என் பாட்டியார் சொல்லிச் சிரிப்பார். ஆயினும் பேருந்து பழைய இடத்தைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தவறமாட்டார். அங்கே கோபுரம் இல்லையே என்று நான் கேட்டதும் உண்டு.

1993 மே 30-இல் கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2-இல் மகா கும்பாபிஷேகம் நடந்தேறியது. பாட்டியார் முதலில், "அவ்வளவு தூரமா?" என்று முகம் சுளித்தார். ரெட்ஹில்லில் ஏறினால் மாறாமல் பாய லேபாரில் இறங்கலாம் என்று நான் அழைத்துச் சென்று காட்டினேன். அதன்பின் பிரதோஷந்தோறும் பால் பாத்திரத்தோடு தனியாகவே வரலானார்.